அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் சர்வீஸை நிறுத்திய பிறகும் உபுண்டுவில் பேக்கேஜ்கள் தானாக மாறுகின்றன. எது தூண்டுகிறது?

ஜிபியு_காவலர் (கேள்வி):

வணக்கம். உபுண்டு 22.04 சர்வர். என்விடியா 535 டிரைவர், உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியது. காலையில் சரியாக இருந்தது, மதியம் என்விடியா-எஸ்எம்ஐ (ஜிபியு நிலையைக் காட்டும் கட்டளை) அடித்தால் இதுதான் வருகிறது:

ஃபெயில்ட் டு இனிஷியலைஸ் என்விஎம்எல்: டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பயிற்சி வேலைகள் நிற்கவில்லை. புதிதாகத் தொடங்குபவை மட்டும் விழுகின்றன. அன்று யாரும் சர்வரில் கை வைக்கவில்லை.

தானியங்கி அப்கிரேட் வேண்டாம் என்று முன்பே இதைச் செய்தாயிற்று:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நௌ அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ்

ஸ்டேட்டஸ் கேட்டால் டிஸேபிள்ட், இனாக்டிவ் என்றே காட்டுகிறது. அப்படியிருந்தும் லிப்என்விடியா-கம்ப்யூட்-535 பேக்கேஜின் பதிப்பு மாறியிருக்கிறது.

தெரிய வேண்டியவை: சர்வீஸ் நின்றிருக்கும்போது அப்கிரேடை ஓட்டியது யார்? பாதுகாப்புத் திருத்தங்கள் வரட்டும், டிரைவர் மட்டும் அசையக்கூடாது என்றால் எங்கே என்ன எழுத வேண்டும்? அலுவலக டெஸ்க்டாப்களிலும் மென்பொருள்கள் தாமாகவே புதுப்பதிப்புக்குப் போகின்றன. சிலவற்றில் உபுண்டு, சிலவற்றில் ஃபெடோரா. காரணம் ஒன்றுதானா?


கர்னல்பித்தன்:

நீங்கள் நிறுத்தியது தவறான யூனிட் (சர்வீஸ், டைமர் போன்ற சிஸ்டம்டி அலகு). பெயரைப் பார்த்தால் அதுதான் அப்கிரேட் செய்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ் எதையும் அப்கிரேட் செய்வதில்லை. "சிஸ்டம்சிடிஎல் கேட்" போட்டு அதன் எக்ஸெக்ஸ்டார்ட் வரியைப் பாருங்கள்: அன்அட்டெண்டட்-அப்கிரேட்-ஷட்டௌன் --வெயிட்-ஃபார்-சிக்னல். பாதியில் ஒரு அப்கிரேட் ஓடும்போது யாராவது இயந்திரத்தை அணைத்தால், அது முடியும்வரை அணைப்பைப் பிடித்து வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆக, அப்கிரேட் நிற்கவில்லை, பாதுகாப்புக் கயிறு மட்டும் அவிழ்ந்திருக்கிறது. முதலில் அதைத் திரும்ப இனேபிள் செய்துவிடுங்கள்.

உண்மையில் தூண்டுபவை ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) பேக்கேஜோடு வரும் இரண்டு சிஸ்டம்டி டைமர்கள்.

ஆப்ட்-டெய்லி.டைமர்: பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும், அமைப்பைப் பொறுத்து பேக்கேஜ்களை இறக்கியும் வைக்கும். காலை 6, மாலை 6 என்று குறித்திருக்கும். அதன்மேல் 12 மணி நேரம் வரை தற்செயல் தாமதம்.

ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்: நிறுவுவது இதுதான். காலை 6 மணி, 60 நிமிடம் வரை தற்செயல் தாமதம்.

இரண்டிலும் பெர்சிஸ்டென்ட்=ட்ரூ உண்டு. அதாவது குறித்த நேரத்தில் இயந்திரம் அணைந்திருந்தால், அடுத்து எழுந்ததும் விட்டுப்போன வேலையைச் செய்துவிடும். புதிதாக எழுப்பிய விஎம்மில் முதல் ஆப்ட் கட்டளையே டிபிகேஜி லாக் (ஒரே நேரத்தில் இருவர் பேக்கேஜ் நிறுவாமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

"காலையில் சரி, மதியம் இல்லை" என்றீர்களே, சர்வரின் நேரம் யூடிசியில் இருக்கிறதா? டைம்டேட்சிடிஎல் அடித்துப் பாருங்கள். யூடிசி 6 மணி என்பது நமக்கு 11:30. தாமதத்தையும் சேர்த்தால் 11:30க்கும் 12:30க்கும் இடையில், அலுவலகம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் அப்கிரேட் நடக்கும். மேகக் கணினிகள் பெரும்பாலும் யூடிசியில்தான் வருகின்றன, அதனால் இந்த இடறல் இந்தியாவில் மிகச் சாதாரணம்.

இவ்வளவும் என் ஊகமாக இருக்க வேண்டாம். யார் செய்தது என்று இயந்திரமே எழுதி வைத்திருக்கிறது:

லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

ஒவ்வொரு நிறுவலுக்கும் ஸ்டார்ட்-டேட், கமாண்ட்லைன், அப்கிரேட் என்று ஒரு பத்தி இருக்கும். கமாண்ட்லைன் வரியில் /யுஎஸ்ஆர்/பின்/அன்அட்டெண்டட்-அப்கிரேட் என்றிருந்தால் மேலே சொன்ன டைமர். பேக்கேஜ்கிட் ரோல்=... என்றிருந்தால் டெஸ்க்டாப் மென்பொருள் மையம். ஆப்ட்டீமன் ரோல்=... என்றிருந்தால் உபுண்டுவின் அப்டேட் சாளரம். வெறும் "ஆப்ட் அப்கிரேட்" என்றிருந்து, கீழே ரிக்வெஸ்டட்-பை என ஒரு பயனர் பெயரும் இருந்தால் ஒரு மனிதர். பழைய பதிவுகள் .ஜிஇசட் கோப்புகளாகச் சுருட்டப்பட்டிருக்கும், ஸெட்லெஸ் போட்டால் திறக்கும்.

இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். தூண்டியது எது என்று தெரியாமல் கண்ணில் பட்ட சர்வீஸ்களையெல்லாம் அணைத்தால், வேண்டியது நின்றுபோகும், வேண்டாதது தொடரும்.


ஜிபியு_காவலர்:

நன்றி அண்ணா. ஹிஸ்டரி.லாக்கில் ஸ்டார்ட்-டேட் 06:23, கமாண்ட்லைன் /யுஎஸ்ஆர்/பின்/அன்அட்டெண்டட்-அப்கிரேட். டைம்டேட்சிடிஎல் யூடிசி என்கிறது. அப்கிரேட் வரியில் என்விடியா-535 குடும்பம் முழுவதும் இருக்கிறது. உபுண்டுவின் செக்யூரிட்டி பிரிவிலிருந்துதான் வந்திருக்கிறது.

டைமரையே மாஸ்க் (எதனாலும் தொடங்க முடியாதபடி பூட்டுவது) செய்துவிட்டால் ஓபன்எஸ்எஸ்எச், ஓபன்எஸ்எஸ்எல் திருத்தங்களும் நின்றுவிடுமே? டிரைவரை மட்டும் விலக்க வழி வேண்டும். ஓடும் வேலைகளைக் கெடுக்காமல் இப்போதைய மிஸ்மேட்சைத் தீர்க்கவும் வேண்டும்.


தொகுப்பாளர்_மதுரை:

மிஸ்மேட்ச் ஏன் வருகிறது என்றால், அப்கிரேட் வட்டில் இருக்கும் லைப்ரரிகளை மாற்றிவிட்டது, கர்னலுக்குள் ஏற்றப்பட்ட மாட்யூல் மட்டும் பழையதாகவே இருக்கிறது. முன்பே ஓடும் வேலைகள் பழைய லைப்ரரியை நினைவகத்தில் பிடித்திருப்பதால் தப்பிக்கின்றன. புதியவை வட்டிலிருந்து புது லைப்ரரியை எடுத்துக்கொண்டு பழைய மாட்யூலோடு பேசப்போய் விழுகின்றன. மூன்றையும் ஒப்பிடுங்கள்:

கேட் /ப்ராக்/டிரைவர்/என்விடியா/வெர்ஷன்
மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா
டிபிகேஜி -எல் | கிரெப் என்விடியா

முதலாவது கர்னலில் இப்போது இருப்பது, இரண்டாவது இந்தக் கர்னலுக்காக வட்டில் இருக்கும் மாட்யூல், மூன்றாவது நிறுவிய பேக்கேஜ். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தினால் ரீபூட் தேவையில்லை. ஓடும் வேலைகள் முடியும்வரை பொறுத்திருங்கள். பிறகு என்விடியா-பெர்சிஸ்டென்ஸ்டி சர்வீஸை நிறுத்தி, எல்எஸ்ஓஎஃப் /டெவ்/என்விடியா* வெறுமையாக வருகிறதா என்று பார்த்து, மாட்யூல்களை இந்த வரிசையில் இறக்குங்கள்: என்விடியா_யுவிஎம், என்விடியா_டிஆர்எம், என்விடியா_மோட்செட், கடைசியாக என்விடியா. வரிசை மாறினால் "மாட்யூல் இஸ் இன் யூஸ்" என்று மறுக்கும். அதன்பின் மாட்ப்ரோப் என்விடியா. இரண்டாவது பழைய எண்ணையே காட்டினால், புது மாட்யூல் இன்னொரு கர்னலுக்குத்தான் வந்திருக்கிறது. ரீபூட்தான் வழி.

இனி விலக்குவது. 50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் கோப்பைத் திருத்த வேண்டாம். பின்னால் அந்தப் பேக்கேஜ் புதுப்பிக்கப்படும்போது உங்கள் கோப்பா, புதியதா என்று கேள்வி எழும். /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/ அடைவில் 52அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்-லோக்கல் என்று தனிக் கோப்பு போடுங்கள்:

அன்அட்டெண்டட்-அப்கிரேட்::பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட் {
  "என்விடியா-";
  "லிப்என்விடியா-";
  "லினக்ஸ்-";
};

இங்கே பலர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. இவை பைத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள், பேக்கேஜ் பெயரின் தொடக்கத்திலிருந்து பொருத்திப் பார்க்கப்படும். ஆகவே "என்விடியா-" என்று எழுதினால் "லிப்என்விடியா-" அதில் சிக்காது. உங்களைக் கவிழ்த்ததே லிப்என்விடியா-கம்ப்யூட்தான், அதனால் இரண்டும் வேண்டும். மறுபுறம், முடிவுக் குறி இல்லாமல் "லிப்சி6" என்று எழுதினால் லிப்சி6-டெவ்வும் சேர்ந்து மாட்டும். அது மட்டும் போதும் என்றால் கடைசியில் டாலர் குறி போடுங்கள்.

"லினக்ஸ்-" எதற்கு என்றால், டிரைவரை நிறுத்திவிட்டுக் கர்னலை மட்டும் முன்னேற விட்டால், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா முறையில் (உபுண்டு முன்பே கட்டித்தரும் மாட்யூல்) நிறுவியவர்களுக்கு அடுத்த ரீபூட்டில் புதுக் கர்னல் எழும், அதற்கான என்விடியா மாட்யூல் இருக்காது. இரண்டையும் சேர்த்தே நிறுத்தி, சேர்த்தே முன்னேற்ற வேண்டும். டிகேஎம்எஸ் முறையில் (மாட்யூலை இயந்திரத்திலேயே கட்டுவது) கர்னல் ஹெடர்களும் இருந்தால் புதுக் கர்னலுக்கு மாட்யூல் தானாகக் கட்டப்படும். அப்போது இந்த வரி கட்டாயமில்லை. போட்டால், கர்னல் பாதுகாப்புத் திருத்தத்தை நீங்களே நாள் குறித்துப் போட வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாத இடத்தில் இந்த வரியை எழுதாதீர்கள்.

பிளாக்லிஸ்ட் தானியங்கியை மட்டுமே கட்டுப்படுத்தும். யாராவது கையால் சூடோ ஆப்ட் அப்கிரேட் அடித்தால் டிரைவர் நகரும். அதையும் தடுக்க ஆப்ட்-மார்க் ஹோல்ட் போடுங்கள், அன்அட்டெண்டட்-அப்கிரேடும் ஹோல்டை மதிக்கும். எவை பிடிபட்டிருக்கின்றன என்பதை ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் சொல்லும்.


கர்னல்பித்தன்:

மேலே சொன்னதோடு நேரத்தையும் மாற்றிவிடுங்கள். சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர் என்று அடித்து:

[டைமர்]
ஆன்காலெண்டர்=
ஆன்காலெண்டர்=சன் *-*-* 02:30 ஏஷியா/கொல்கத்தா
ரேண்டமைஸ்ட்டிலேசெக்=10எம்
பெர்சிஸ்டென்ட்=ஃபால்ஸ்

முதல் ஆன்காலெண்டர் வரியை வெறுமையாக விடுவது கவனக்குறைவு அல்ல. அது இல்லாவிட்டால் பழைய 6 மணி அப்படியே இருக்கும், உங்கள் நேரம் அதோடு கூடுதலாகச் சேரும். சேமித்தபின் சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் போட்டு நெக்ஸ்ட் பத்தியில் ஞாயிறு அதிகாலை வருகிறதா என்று பாருங்கள். யூடிசி சர்வரில் அது சனி 21:00 என்று காட்டும், அதுவும் சரியே.

அதே ஆப்ட்.கான்ஃப்.டி அடைவிலுள்ள 20ஆட்டோ-அப்கிரேட்ஸ் கோப்பில் உள்ள "1" நாள் இடைவெளியைக் குறிப்பது. அதை மாற்ற வேண்டாம். ஆப்ட் அந்த அடைவிலுள்ள கோப்புகளைப் பெயர் வரிசையில் படிக்கும். ஒற்றை மதிப்பாக இருந்தால் பின்னால் வருவது வெல்லும். பிளாக்லிஸ்ட், அலௌட்-ஆரிஜின்ஸ் (அப்கிரேடுக்கு அனுமதித்த களஞ்சியங்கள்) போன்ற பட்டியல்களில் பின்னால் வருவது முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். பட்டியலைச் சுருக்க நினைத்து 52இல் புதிதாக எழுதினால் பழையதும் சேர்ந்தே இருக்கும். முதலில் #கிளியர் போட்டுத் துடைத்தபின்தான் புதிதாக எழுத வேண்டும். இறுதியில் என்ன நிற்கிறது என்பதை ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் காட்டும்.


சுரேஷ்_டெவாப்ஸ்:

இவ்வளவு எதற்கு? சூடோ ஆப்ட் பர்ஜ் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்று அடித்து முழுதாக நீக்கிவிடுங்கள். ப்ரொடக்‌ஷனில் எதுவும் தானாக மாறக்கூடாது, அவ்வளவுதான். 2023 மார்ச் 8 அன்று டேட்டாடாக் (கண்காணிப்புச் சேவை) விழுந்தது நினைவிருக்கிறதா? உபுண்டு 22.04 இயந்திரங்களில் சிஸ்டம்டிக்கான பாதுகாப்புத் திருத்தம் தானாக நிறுவப்பட்டது, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி மறுபடி தொடங்கியது, கன்டெய்னர் நெட்வொர்க்குக்காக சிலியம் போட்டிருந்த பிணையப் பாதைகளை (ரூட்டுகளை) அது அழித்துவிட்டது. பல மேகங்களில், பல பிராந்தியங்களில் ஒரே நேரத்தில். தொடங்கியது யூடிசி 6 மணிக்குச் சற்றுப் பிறகு, நீங்கள் மேலே சொன்ன அதே ஜன்னல்.


கர்னல்பித்தன்:

நினைவிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 30 அன்று மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகத்தில் உபுண்டு 18.04 விஎம்கள் டிஎன்எஸ் இழந்ததும் ஒரு சிஸ்டம்டி திருத்தத்தால்தான். இரண்டிலும் எனக்குத் தெரியும் பாடம், எல்லா இயந்திரங்களும் ஒரே மணி நேரத்துக்குள் ஒரே மாற்றத்தை எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது. நூறு சர்வர் இருந்தால் ஞாயிறு ஐந்து, செவ்வாய் முப்பது, வியாழன் மீதி என்று டைமரைப் பிரித்து வையுங்கள். முதல் ஐந்தில் கெட்டால் மீதியில் டைமரை நிறுத்த நேரம் இருக்கும். வேறு நிரல் பிணையப் பாதை போடும் இயந்திரங்களில் நெட்வொர்க்டி.கான்ஃபில் மேனேஜ்ஃபாரின்ரூட்ஸ்=நோ வையுங்கள்.

பர்ஜ் செய்தால் என்ன இழப்பு என்பதற்கு 2024 ஜூலை 1 போதும். ஓபன்எஸ்எஸ்எச்சில் சிவிஇ-2024-6387 வெளிவந்தது. உள்நுழையாமலே ரூட் (நிர்வாகி) அதிகாரம் வரை போகக்கூடிய ஓட்டை, 22.04இல் இருக்கும் 8.9 பதிப்பும் அதில் அடக்கம். தானியங்கி உள்ள இயந்திரங்களில் திருத்தம் தானாகவே வந்து சேரும், ஆள் வேண்டியதில்லை. பர்ஜ் செய்த இடத்தில் யாராவது செய்தி படித்து, இயந்திரப் பட்டியலைத் தேடி, ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒழுங்கான பேட்ச் அட்டவணையும் அதற்கென ஆளும் உங்களிடம் இருந்தால் பர்ஜ் சரி. கேள்வி கேட்டவருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை.

அன்சிபிள் (பல சர்வர்களை ஒரேயடியாக நிர்வகிக்கும் கருவி) ஓட்டும்போது லாக் மோதல் வருகிறதென்று பர்ஜ் செய்பவர்களும் உண்டு. அதற்கு ஆப்ட் -ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=300 போதும், ஐந்து நிமிடம் காத்திருக்கும். லாக் கோப்பை அழிப்பதோ, ஓடும் அன்அட்டெண்டட்-அப்கிரேடை கில் -9 அடிப்பதோ கூடவே கூடாது. பேக்கேஜ்கள் பாதி அமைந்த நிலையில் நிற்கும். அப்படி ஆகிவிட்டால் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ போட்டு முடித்து வையுங்கள்.


ஃபெடோரா_வாசி:

டெஸ்க்டாப் கேள்விக்கு வருகிறேன். அங்கே காரணம் ஒன்றல்ல.

உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் மாதிரியானவை மாறினால் அது ஆப்ட் கணக்கிலேயே வராது. அவை ஸ்நாப் பேக்கேஜ்கள், அவற்றை நிர்வகிக்கும் ஸ்நாப்டி நாளொன்றுக்கு நான்கு முறை தானாகத் தேடிப் புதுப்பிக்கும். ஸ்நாப் சேஞ்சஸ் அடித்தால் ஆட்டோ-ரிஃப்ரெஷ் என்று வரிகள் இருக்கும், ஸ்நாப் ரிஃப்ரெஷ் --டைம் அடுத்தது எப்போது என்று சொல்லும். நேரம் குறிக்க:

சூடோ ஸ்நாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.டைமர்=சன்,02:00-04:00

ஒன்றை மட்டும் நிறுத்த ஸ்நாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்=72எச் என்று எழுதி, பின்னால் ஸ்நாப்பின் பெயர். மணியைக் குறிக்காமல் --ஹோல்ட் மட்டும் போட்டால் நீங்கள் --அன்ஹோல்ட் சொல்லும்வரை நிற்கும். இந்த வசதி ஸ்நாப்டி 2.58இலிருந்து உண்டு. ஏற்கெனவே மாறி ஏதாவது உடைந்திருந்தால் ஸ்நாப் ரிவெர்ட் முந்தைய பதிப்புக்குத் திருப்பும். பிரவுசர் பல நாள் தொடர்ந்து திறந்தே இருந்தால், ரிஃப்ரெஷ் தள்ளிப்போய்க் கடைசியில் கட்டாயமாக நடக்கும். "நானே ஒன்றும் செய்யவில்லை" என்று பயனர்கள் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான்.

ஹிஸ்டரி.லாக்கில் பேக்கேஜ்கிட் என்று வந்தால் அது க்னோம் மென்பொருள் மையம். பயனர் கணக்கில்:

ஜிசெட்டிங்ஸ் செட் ஓஆர்ஜி.க்னோம்.சாஃப்ட்வேர் டௌன்லோட்-அப்டேட்ஸ் ஃபால்ஸ்

பேக்கேஜ்கிட்.சர்வீஸை டிஸேபிள் செய்து பயனில்லை. அது ஸ்டாட்டிக் யூனிட், டி-பஸ் (நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் தடம்) வழியே யார் கூப்பிட்டாலும் எழும். சில இயந்திரங்களில் 20பேக்கேஜ்கிட் என்ற ஆப்ட் அமைப்புக் கோப்பே, நீங்கள் ஆப்ட் அப்டேட் முடித்ததும் அதைக் கூப்பிடும். நிற்க வேண்டுமென்றால் மாஸ்க்தான். மாஸ்க் செய்தபின் மென்பொருள் மையத்தில் டெப் பேக்கேஜ்களை நிறுவ முடியாது, டெர்மினலில் ஆப்ட் வழக்கம்போல வேலை செய்யும். இதைப் பயனர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் மையம் கெட்டுவிட்டது என்று உங்களிடமே வருவார்கள்.

ஃபெடோராவில் பலர் முதலில் சந்தேகிப்பது டிஎன்எஃப்-மேக்கேஷ்.டைமரை. அது குற்றவாளி இல்லை, களஞ்சிய விவரங்களை மட்டும் இறக்கும், எதையும் நிறுவாது. நிறுவுவது டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக், பொதுவாக /இடிசி/டிஎன்எஃப்/ஆட்டோமேட்டிக்.கான்ஃபில் அப்ளை_அப்டேட்ஸ்=யெஸ் என்றிருந்தால். காக்பிட்டில் (பிரவுசர் வழியே சர்வரை நிர்வகிக்கும் பக்கம்) தானியங்கி அப்டேட் பொத்தானை யாராவது ஒருமுறை அழுத்தியிருந்தால் இது ஓடிக்கொண்டிருக்கும். ரீபூட்டில் "அப்டேட்கள் நிறுவப்படுகின்றன" என்ற திரை வந்தால் அது பேக்கேஜ்கிட்டின் ஆஃப்லைன் அப்டேட்: /சிஸ்டம்-அப்டேட் என்ற சிம்லிங்கை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போயிருக்கும், அடுத்த பூட்டில் சிஸ்டம்டி அதைக் கண்டு அந்த வழியில் திரும்பும். அணைக்கும் சாளரத்தில் "அப்டேட்களை நிறுவு" என்ற சதுரத்தில் டிக் இருந்ததா என்று பாருங்கள்.


ஜிபியு_காவலர்:

டெஸ்க்டாப்பில் ஸ்நாப்தான், சேஞ்சஸில் தெரிகிறது. சர்வரில் 52 கோப்பும் டைமர் மாற்றமும் போட்டாயிற்று. ஞாயிறு வரை காத்திருக்காமல் சோதிக்க முடியுமா?


தொகுப்பாளர்_மதுரை:

முடியும்:

சூடோ அன்அட்டெண்டட்-அப்கிரேட் --ட்ரை-ரன் --டீபக்

எதையும் நிறுவாது. ஆரம்பத்தில் அனுமதித்த ஆரிஜின்களும் பிளாக்லிஸ்ட்டும் அச்சாகும், அங்கே மூன்று முன்னொட்டுகளும் வருகின்றனவா என்று பாருங்கள். அரைப்புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் இங்கேயே தெரிந்துவிடும். என்விடியா பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு காத்திருந்தால் அது விலக்கப்பட்டதாகச் சொல்லும், நிறுவப்போகும் பட்டியலில் வராது.

இன்னொன்று. 24.04க்குப் போகும்போது நீட்ரீஸ்டார்ட்டைக் கவனியுங்கள். சர்வரில் தானியங்கி அப்கிரேடுக்குப் பிறகு, மாறிய லைப்ரரியைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை அது தானாகவே மறுபடி தொடங்கும். ஓபன்எஸ்எஸ்எல் மட்டும் மாறியிருக்கும், மறுபடி தொடங்குவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸாக இருக்கும். ஹிஸ்டரி.லாக்கில் போஸ்ட்கிரெஸ் பெயரே இருக்காது என்பதால் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். /இடிசி/நீட்ரீஸ்டார்ட்/கான்ஃப்.டி/ அடைவில் ஒரு கோப்பு போட்டு, ரீஸ்டார்ட் மதிப்பை 'எல்' என்று வைத்தால் பட்டியல் மட்டும் காட்டும். பழைய லைப்ரரியோடு ஓடும் சர்வீஸுக்குத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதால், மறுதொடக்கத்தை அடுத்த பராமரிப்பு நேரத்தில் செய்துவிடுங்கள்.